பாவ அறிக்கையும் மன்னிப்பும்: பைபிளில் முட்டிக்கொள்ளும் வசனங்களை எப்படி வாசிப்பது?

யோவான் எழுதிய முதலாம் நிருபத்தின் (கடிதத்தின்) முதல் அதிகாரத்திலேயே, "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" (1:8) என்று இருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி, அதே நிருபத்தில், "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்" (3:9) என்று வருகிறது. முதல் வசனத்தின்படி பாவமே இல்லை என்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். இரண்டாவதின்படி பாவம் செய்கிறவன் தேவனுடைய பிள்ளையே இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒருவரும் தேறமாட்டார்கள் போலிருக்கிறது. புதிதாக வேதம் வாசிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பைபிளை விமர்சிப்பவர்கள் தவறாமல் எடுத்துக் காட்டும் இடமும் இதுதான்.

இன்னும் பல இடங்கள் உண்டு. அறிக்கையிட்டால் மன்னிப்பு என்று ஒரு வசனம். அறிக்கையிட்ட பிறகும் தண்டனை என்று ஒரு கதை. தேவன் ஒருவரே மன்னிப்பவர் என்று ஓரிடம். நீங்கள் மன்னித்தால் அது மன்னிக்கப்படும் என்று சீஷர்களிடம் சொல்வது இன்னோரிடம். எல்லாப் பாவமும் மன்னிக்கப்படும், ஒன்றைத் தவிர. இவற்றில் பெரும்பாலானவை கூர்ந்து வாசித்தால் அவிழும் முடிச்சுகள். ஒன்றிரண்டு அவிழாது; அவிழ்ந்துவிட்டதாகப் பாவனை செய்யத் தேவையுமில்லை.

வாசிக்கும்போது ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடியும். பைபிளில் "மன்னிப்பு" என்று வரும்போது மூன்று வெவ்வேறு காரியங்களில் ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது: குற்றத்தின் பழி, உறவில் விழுந்த விரிசல், செயலின் விளைவு. ஒன்று நீங்கினால் மற்ற இரண்டும் தானாக நீங்கிவிடும் என்று பைபிள் எங்கும் சொல்வதில்லை. எந்த வசனம் எதைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்காமல், "மன்னிப்பு உண்டா இல்லையா" என்று மட்டும் கேட்டால் முரண்பாடு கிடைக்கத்தான் செய்யும்.

(இங்கே மேற்கோள்கள் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளபடி. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் வாசகம் மாறியிருக்கும்.)

ஒரே நிருபம், இரண்டு எதிராளிகள்

முதலில் யோவானையே பார்த்துவிடலாம். இந்த நிருபம் 105 வசனங்கள். ஒரே மூச்சில் வாசித்துவிடக்கூடியது. அதிகாரப் பிரிவுகளும் வசன எண்களும் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தவை. எண்களைப் பிடித்துக்கொண்டு ஒரு வசனத்தை இங்கிருந்தும் ஒன்றை அங்கிருந்தும் பிடுங்கி எதிரெதிரே நிறுத்துவது, எழுதியவர் நினைத்தே பார்த்திராத வாசிப்பு.

நிருபத்தின் பின்னணி 2:19-இல் தெரிகிறது: ஒரு கூட்டத்தார் சபையைவிட்டுப் பிரிந்து போயிருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சின் எதிரொலிதான் முதல் அதிகாரத்தின் கிரேக்க மூலத்தில் மூன்று முறை வரும் "என்போமானால்" (1:6, 1:8, 1:10). எங்களுக்குப் பாவம் என்பதே கிடையாது என்று சொன்னவர்களுக்கான பதில் அது. மூன்றாம் அதிகாரத்தில் குறி வேறு. "நீங்கள் ஒருவராலும் வஞ்சிக்கப்படாதிருங்கள்" என்று 3:7 எச்சரிக்கிறது. எப்படி வாழ்ந்தாலும் பாதகமில்லை என்று சொல்பவர்களுக்கு எதிரான பேச்சு இது. அங்கே பாவம் என்பது பொத்தாம்பொதுவான சொல்லும் அல்ல. 3:10 சகோதரனில் அன்புகூராதவனைச் சொல்கிறது. 3:12 தம்பியைக் கொன்ற காயீனைக் காட்டுகிறது. 3:17, கையில் வசதி இருந்தும் குறைச்சல் உள்ள சகோதரனுக்குத் தன் இருதயத்தை அடைத்துக்கொள்பவனைக் கேட்கிறது. அப்படி ஒரு வாழ்க்கையில் குடியிருந்துகொண்டே "நான் தேவனால் பிறந்தவன்" என்று சொல்ல முடியாது என்பதுதான் வாதம்.

இரண்டுக்கும் நடுவில் 2:1 நிற்கிறது: "நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு இவைகளை உங்களுக்கு எழுதுகிறேன், ஒருவன் பாவஞ்செய்வானானால்..." அப்போது பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்று வசனம் முடிகிறது. முரண்படுவதாகச் சொல்லப்படும் இரண்டு பக்கமும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. எழுதியவர் அறியாமல் முன்னுக்குப்பின் பேசிவிட்டார் என்ற குற்றச்சாட்டு இந்த ஒரு வசனத்தில் அடிபட்டுப்போகிறது.

மேடைகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு விளக்கம், 3:9-இல் உள்ள கிரேக்க வினை நிகழ்காலத்தில் இருப்பதால் "தொடர்ந்து பாவம் செய்துகொண்டிருக்கமாட்டான்" என்று மட்டுமே பொருள் என்பது. உதவும் விளக்கம்தான். ஆனால் முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றக் கூடாது. 5:16-இல் ஒரு சகோதரன் பாவம் செய்வதைக் கண்டால் அவனுக்காக ஜெபிக்கச் சொல்லும் இடத்திலும் அதே நிகழ்காலம்தான் இருக்கிறது.

எண்ணாகமம் 14: எல்லா முடிச்சும் ஒரே அதிகாரத்தில்

அறிக்கை, மன்னிப்பு, விளைவு ஆகிய மூன்றும் எப்படித் தனித்தனியாக இயங்குகின்றன என்று காட்ட ஒரே ஓர் இடத்தைத் தெரிந்தெடுக்கச் சொன்னால், எண்ணாகமம் 14-ஐத்தான் எடுக்க வேண்டும். பாவ அறிக்கையைப் பற்றிப் பேசும்போது யாரும் இதை அதிகம் தொடுவதில்லை என்பது ஆச்சரியம்.

கானானை வேவுபார்க்கப் போன 12 பேர் 40 நாள் கழித்துத் திரும்புகிறார்கள். பத்துப் பேர் பயமுறுத்துகிறார்கள். ஜனங்கள் இரவெல்லாம் அழுது, வேறொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்பலாம் என்கிறார்கள். எதிர்த்துப் பேசிய யோசுவாவையும் காலேபையும் கல்லெறியப் பார்க்கிறார்கள். இவர்களை அழித்துவிடுவேன் என்கிறார் கர்த்தர். மோசே மன்றாடுகிறார். 20-ஆம் வசனம்: "உன் வார்த்தையின்படியே மன்னித்தேன்."

இதுவரை ஜனங்களில் ஒருவர்கூட "தவறு செய்துவிட்டோம்" என்று வாய் திறக்கவில்லை. அறிக்கை இல்லாமலே மன்னிப்பு வந்துவிட்டது, இன்னொருவர் பரிந்து பேசியதன் பேரில்.

மன்னித்த அதே பேச்சிலேயே தீர்ப்பும் தொடர்கிறது. முறுமுறுத்தவர்களில் 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் அந்தத் தேசத்தைக் காணமாட்டார்கள். காலேபும் யோசுவாவும் மட்டும் விலக்கு. வேவுபார்த்த ஒரு நாளுக்கு ஒரு வருஷமாக 40 வருஷம் வனாந்தரம். அப்படியானால் மன்னிக்கப்பட்டது என்ன? 12-ஆம் வசனத்தில் சொன்ன அழிவு நீங்கியது. ஜனம் ஜனமாகவே தொடர்ந்தது, உடன்படிக்கை முறியவில்லை, பிள்ளைகள் உள்ளே போவார்கள். விளைவு மட்டும் நீங்கவில்லை.

அடுத்த நாள் காலை கதை தலைகீழாகிறது. ஜனங்கள் அதிகாலையில் எழுந்து, நாங்கள் பாவஞ்செய்தோம், கர்த்தர் சொன்ன இடத்துக்குப் போவோம் என்று மலையில் ஏறுகிறார்கள் (14:40). இப்போது தெளிவான அறிக்கை இருக்கிறது. பலனில்லை. அமலேக்கியரும் கானானியரும் இறங்கி வந்து ஓர்மாவரைக்கும் அவர்களை முறிய அடிக்கிறார்கள்.

ஏன்? பதில் 25-ஆம் வசனத்தில் இருக்கிறது. வேகமாக வாசிப்பவர்கள் தாண்டிப்போய்விடுவார்கள். நாளைக்கு நீங்கள் திரும்பி, சிவந்த சமுத்திரத்துக்குப் போகிற வழியாய் வனாந்தரத்துக்குப் பிரயாணப்படுங்கள் என்பது முந்தின நாள் கொடுக்கப்பட்ட உத்தரவு. ஜனங்கள் வாயால் பாவத்தை ஒத்துக்கொண்டார்கள், காலால் மறுபடி அதே பாவத்தைச் செய்தார்கள். முதல் நாள் போகச் சொன்னபோது போகமாட்டோம் என்றவர்கள், போகாதே என்ற நாளில் போனார்கள். விளைவை ரத்துசெய்யும் கருவியாக அறிக்கையைப் பயன்படுத்தப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆக, "அறிக்கையிட்டால் மன்னிப்பு, அறிக்கையிடாவிட்டால் இல்லை" என்ற சூத்திரம் இந்த ஒரே அதிகாரத்தில் இரண்டு பக்கமும் உடைகிறது. பைபிள் அந்தச் சூத்திரத்தைக் கற்பிக்கவில்லை என்பதுதான் இதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு. பைபிள் தனக்குத்தானே முரண்படுகிறது என்ற முடிவுக்குப் போக, அந்தச் சூத்திரத்தை முதலில் நாம் வெளியிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

சவுலும் தாவீதும்

இதே கண்ணோடு 1 சாமுவேல் 15-ஐயும் 2 சாமுவேல் 12-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். இரண்டு ராஜாக்களும் "பாவஞ்செய்தேன்" என்கிறார்கள். சவுல் தள்ளப்படுகிறான், தாவீதுக்கு, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொல்கிறார். பாரபட்சமா?

சவுல் அந்த வார்த்தைக்கு வந்துசேர்ந்த பாதையைப் பாருங்கள். அமலேக்கியரை ஆடுமாடுகளோடு முற்றிலும் அழிக்க வேண்டும் என்பது தீர்க்கதரிசி சாமுவேல் வழியாக அவனுக்குக் கிடைத்த உத்தரவு. கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று அவனே முந்திக்கொண்டு சொல்கிறான் (15:13). அப்படியானால் என் காதில் விழுகிற ஆட்டுச் சத்தமும் மாட்டுச் சத்தமும் என்ன என்று சாமுவேல் கேட்க, ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள், அதுவும் பலியிடுவதற்காக என்கிறான். மறுபடி கேட்டதற்கு, நான் கீழ்ப்படிந்தேனே என்கிறான். ராஜ்யம் போனது என்று கேட்ட பிறகுதான் 24-ஆம் வசனத்தில் "நான் பாவஞ்செய்தேன்" வருகிறது. அதிலும் ஜனங்களுக்குப் பயந்தேன் என்ற காரணம் ஒட்டிக்கொண்டு வருகிறது. 30-ஆம் வசனத்தில் மூப்பர் முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்கிறான். தாவீதின் அறிக்கையில் காரணம் எதுவும் இல்லை, கோரிக்கை எதுவும் இல்லை. சொன்னதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது.

ஆனாலும் தாவீது தண்டனையில்லாமல் தப்பித்தான் என்று நினைத்தால் மேலே வாசிக்கவில்லை என்று அர்த்தம். உரியாவின் மனைவியோடு செய்த விபசாரம், உரியாவைக் கொன்றது என்ற இரண்டுக்கும் நியாயப்பிரமாணப்படி மரண தண்டனை, அது நீங்கியது. பிள்ளை இறந்தது. பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்றது நடந்தது. பழி போனாலும் விளைவு நிற்கலாம் என்பதற்குக் கத்தோலிக்க மறையியல் காட்டும் முக்கியமான சாட்சிகளில் இதுவும் ஒன்று. பாவமன்னிப்புக்குப் பிறகும் பரிகாரம் உண்டு என்ற போதனைக்கு இதையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். புரொட்டஸ்டண்டு போதகர்கள் இதைத் தண்டனை என்று சொல்லாமல் சிட்சை, அதாவது திருத்துவதற்கான கண்டிப்பு என்பார்கள். பெயர் எதுவானாலும் தாவீதின் வீட்டில் நடந்தது நடந்ததுதான்.

ஏற்கெனவே மன்னித்தாயிற்றே, பிறகு எதற்கு அறிக்கை?

கொலோசெயர் 2:13 அக்கிரமங்களெல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்கிறது. எபேசியர் 4:32-உம் அதை முடிந்துபோன காரியமாகவே பேசுகிறது. ஆனால் 1 யோவான் 1:9 "பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று நிபந்தனை போடுகிறது. கர்த்தருடைய ஜெபம் அன்றாட அப்பத்தை அடுத்து மன்னிப்பையும் கேட்கச் சொல்கிறது.

விசுவாசிக்கு இனி அறிக்கை தேவையில்லை, 1:9 விசுவாசியாதவர்களுக்கு எழுதப்பட்டது என்று சிலர் கற்பிக்கிறார்கள். இந்த வாதம் நிற்காது. வசனம் "நாம்" என்கிறது. எழுதியவர் தன்னையும் அதற்குள் வைக்கிறார். இரண்டே வசனம் தள்ளி "என் பிள்ளைகளே" என்று அதே ஆட்களை அழைக்கிறார். எதிர்முனையில், அறிக்கையிடாத ஒரு பாவத்தோடு இறந்தால் நரகம் என்று பயந்து, ஒவ்வொரு இரவும் அன்றைய நாளின் ஒவ்வொரு நிமிஷத்தையும் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று சங்கீதம் 19:12 ஜெபிக்கிறது. தனக்கே தெரியாத பாவங்கள் இருக்கும், அவற்றைப் பட்டியலிட முடியாது என்பது அந்த ஜெபத்திலேயே அடங்கியிருக்கிறது.

இரண்டையும் இணைக்கும் படம் யோவான் 13:10-இல் கிடைக்கிறது: "முழுகினவன் தன் கால்களைமாத்திரம் கழுவவேண்டியதாயிருக்கும்." முழுகினது ஒரு முறை, கால் கழுவுவது தினமும். கொலோசெயர் பேசுவது பழி நீங்கியதைப் பற்றி. 1:9 பேசுவது, 1:7-இல் தொடங்கிய "ஒளியிலே நடந்தால்" என்ற பேச்சின் தொடர்ச்சியாக, உறவில் படியும் தூசியைப் பற்றி. சில சபைகள் இதை ஏற்பதில்லை: ஞானஸ்நானத்துக்குப் பிறகு செய்யும் பெரும் பாவம் அந்த முழுக்கில் பெற்ற அருளையே இழக்கச்செய்யும் என்பது கத்தோலிக்கப் போதனை. வாதம் நூற்றாண்டுகளாக நடக்கிறது. அறிக்கை தேவை என்பதில் இந்த இரண்டு தரப்பும் ஒற்றுமைதான். அது எந்த ஆழத்தில் வேலை செய்கிறது என்பதில்தான் சண்டை.

யாரிடம் சொல்வது?

"என் மீறுதல்களைக் கர்த்தருக்கு அறிக்கையிடுவேன்" என்கிறது சங்கீதம் 32:5. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறது யாக்கோபு 5:16. யோவான் 20:23-இல் உயிர்த்தெழுந்த இயேசு, "எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவைகள் அவர்களுக்கு மன்னிக்கப்படும்" என்று சீஷர்களிடம் சொல்கிறார். மூன்று விலாசங்கள்.

இதற்கு அடித்தளம் லேவியராகமத்தில் இருக்கிறது. அங்கே அளவுகள்கூடத் துல்லியம். ஒருவன் தன்னிடம் ஒப்படைத்த பொருளை மறுத்தாலோ, பறித்தாலோ, கண்டெடுத்ததை இல்லை என்று பொய்யாணையிட்டாலோ (6:1-7), அசலை முழுவதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 1,000 ரூபாய் என்றால் 1,200. அதையும் குற்றநிவாரண பலி செலுத்தும் அதே நாளில், உடையவன் கையில். பிறகு பழுதற்ற ஆட்டுக்கடா. எண்ணாகமம் 5:7 இதோடு பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்பதையும் சேர்க்கிறது; பாதிக்கப்பட்டவனும் அவன் உறவினரும் இல்லாவிட்டால் பணம் ஆசாரியனுக்குப் போகும். ஆள் இல்லை என்பதற்காகக் கடன் தள்ளுபடியாவதில்லை.

பிடிபட்ட திருடன் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 22:4 சொல்கிறது. தானாக வந்து ஒத்துக்கொள்பவனுக்கு 20 சதவீதம், பிடிபட்டவனுக்கு 100. அறிக்கையின் மதிப்பைச் சட்டமே எண்ணில் சொல்லியிருக்கிறது.

எனவே "கர்த்தரிடம் சொல்லிவிட்டேன், அது போதும்" என்பது மற்றொருவருக்கு இழைத்த தீங்கில் செல்லாது. பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23-24 சொல்வதும் இதே வரிசைதான். யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவும், பாவநிவிர்த்தி நாள் மனிதனுக்கும் தேவனுக்கும் இடையிலான பாவங்களுக்கு மட்டுமே, அயலானுக்குச் செய்ததற்கு அவனைச் சமாதானப்படுத்தும்வரை நிவிர்த்தி இல்லை என்கிறது.

அப்படியானால் சங்கீதம் 51:4? "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறானே தாவீது. உரியாவைக் கொன்றது கணக்கில்லையா? மனிதர் யாரும் நியாயம் விசாரிக்க முடியாத ராஜா, தன்னைத் தேவனுடைய நியாயாசனத்தின் முன் நிறுத்திச் சொல்லும் ஜெபம் இது. சட்ட வரையறையாக வாசிக்கக் கூடாது. 2 சாமுவேல் 12:9 உரியாவைப் பெயர் சொல்லித்தான் குற்றம்சாட்டுகிறது. இந்த வசனத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, "தேவன் மன்னித்துவிட்டார், நீயும் மறந்துவிடு" என்று பாதிக்கப்பட்டவரை அடக்குவது நடக்கிறது. அதற்கு வேதத்தில் ஆதாரம் தேடுபவர்கள் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கட்டும்.

யோவான் 20:23-ஐப் பொறுத்தவரை, "தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்" (மாற்கு 2:7) என்பதோடு அது மோதுவதாகச் சொல்வார்கள். மாற்குவில் அதைக் கேட்பவர்கள், இயேசு ஒரு திமிர்வாதக்காரனின் பாவங்களை மன்னித்ததை எதிர்த்த வேதபாரகர்கள். அதே சம்பவத்தைச் சொல்லும் மத்தேயு, "மனுஷருக்கு இப்படிப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்தவராகிய தேவனை" ஜனங்கள் மகிமைப்படுத்தினதாக முடிக்கிறார் (9:8). அதிகாரம் தேவனுடையது, யார் வழியாக அறிவிக்கப்படுகிறது என்பதே கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபை இதைக் குருவிடம் செய்யும் அறிக்கையாகப் புரிந்துகொண்டது. ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. நம் ஊர் மூத்தவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். இப்போதைய பெயர் ஒப்புரவு அருட்சாதனம். லுத்தரன்கள் தனி அறிக்கையை ஒழித்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுடைய விசுவாசப் பிரகடனமான 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை அதைத் தொடர வேண்டும் என்கிறது, ஒவ்வொரு பாவத்தையும் எண்ணிச் சொல்லும் கட்டாயம் மட்டும் வேண்டாம் என்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனையில் சபையாக அறிக்கை சொல்கிறார்கள், ஆயர் மன்னிப்பை அறிவிக்கிறார்.

நாம் மன்னித்தால்தான் அவர் மன்னிப்பாரா?

மத்தேயு 6:15-இல் சுற்றி வளைப்பே இல்லை: நீங்கள் மன்னியாதிருந்தால் பிதாவும் மன்னியாதிருப்பார். கிருபை இலவசம் என்பதோடு இது எப்படிச் சேரும்?

மத்தேயுவே 18-ஆம் அதிகாரத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஒருவன் ராஜாவுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி (20:2). ஆக 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தால் 2 லட்சம் வருஷம். இயேசுவின் காலத்தில் கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அந்த இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குக் கொடுத்த வருமானமே 200 தாலந்து என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். உடன் வேலைக்காரன் இவனுக்குப் பட்டதோ 100 வெள்ளிப்பணம். நாலு மாதக் கூலிக்குள் அடங்கும். ஆறு லட்சத்துக்கு ஒன்று.

ராஜாவுக்குக் கடன்பட்டவன் மன்னிப்புக் கேட்கக்கூட இல்லை. பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்றுதான் கேட்டான். ராஜா கடனையே விட்டுவிட்டான். மன்னிப்பு முதலில் வந்தது, பிறரை மன்னித்ததற்குக் கூலியாக வரவில்லை. இதுவரை சுலபம். ஆனால் உடன் வேலைக்காரனை அவன் மன்னிக்க மறுத்ததும், 34-ஆம் வசனத்தில் விட்ட கடன் மறுபடி அவன் தலையில் ஏறுகிறது. கொடுத்த மன்னிப்பு திரும்பப் பெறப்படாது என்று போதிப்பவர்களுக்கு இந்த வசனம் நெருடத்தான் செய்யும். உவமையின் எல்லா விவரத்தையும் உபதேசமாக்கக் கூடாது என்று பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் கொஞ்சம் நியாயம் உண்டு, முழுதும் இல்லை. ஏனென்றால் 35-ஆம் வசனம் உவமையை விட்டு வெளியே வந்து, "என் பரமபிதாவும் உங்களுக்கு இப்படியே செய்வார்" என்கிறது.

இதன் பக்கத்துக் கேள்வி: லூக்கா 17:3-4 சகோதரன் மனஸ்தாபப்பட்டால் மன்னிக்கச் சொல்கிறது; மாற்கு 11:25 ஜெபம்பண்ண நிற்கும்போதே மன்னிக்கச் சொல்கிறது. மாற்குவில் எதிராளி அந்த இடத்திலேயே இல்லை. பகையை உள்ளே வைத்துக்கொள்ளாதே என்பது பேச்சு. லூக்காவில் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கிறார்கள்; உறவு சீர்ப்பட இரண்டு பேர் வேண்டும்.

சீக்கிரம் தீரும் இரண்டு

பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிப்பதாக யாத்திராகமம் 34:7. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20. முன்னது, அதன் இணை வசனமான 20:5-இல் "என்னைப் பகைக்கிறவர்களை"க் குறித்தது. விளைவு வீட்டுக்குள் பரவுவதைச் சொல்வது. பின்னது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்கள், பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், எங்கள் பல் கூசுகிறது என்று பழமொழி பேசித் தங்கள் பொறுப்பைத் தட்டிக்கழித்ததற்குப் பதில். அது பழியைப் பற்றியது. பரம்பரைச் சாபம் முறிக்கும் கூட்டங்களில் முதல் வசனம் மட்டும்தான் வாசிக்கப்படும்.

"இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்கிறது எபிரெயர் 9:22. லேவியராகமம் 5:11-13-இலோ, ஆடோ இரண்டு புறாவோ வாங்க வழியில்லாத ஏழை, ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தால் போதும், அவனுக்கும் "மன்னிக்கப்படும்". ஒரு எப்பா சுமார் 22 லிட்டர், ஆக இரண்டு லிட்டர் மாவு. எண்ணெயும் தூபவர்க்கமும் கூடாது. எபிரெயர் வசனத்தின் முதல் பாதியில் "கொஞ்சங்குறைய எல்லாம்" என்று இருப்பதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். விதிவிலக்கு எழுதியவருக்குத் தெரிந்தே இருக்கிறது.

மன்னிக்கப்படாதவை

பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் என்றைக்கும் மன்னிக்கப்படாது என்ற மாற்கு 3:29-ஐ வாசித்துத் தூக்கம் தொலைத்தவர்கள் ஏராளம். மனதில் ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டது, நான் தொலைந்தேனா என்று கேட்பார்கள். அடுத்த வசனத்திலேயே மாற்கு காரணத்தை எழுதிவைத்திருக்கிறார்: அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான் என்று அவர்கள் சொன்னதால் இயேசு இப்படிச் சொன்னார். கண்ணெதிரே நடந்த நன்மையைப் பிசாசின் வேலை என்று தெரிந்தே அறிவித்தவர்களைப் பற்றியது அது. தன்னைத் தூஷணக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் பவுல், அறியாமல் செய்தபடியினால் இரக்கம் பெற்றதாக 1 தீமோத்தேயு 1:13-இல் எழுதுகிறார். மன்னிப்பை நாடித் தவிப்பவர், மாற்கு காட்டும் அந்த மனிதர்களின் இடத்தில் இல்லை.

எபிரெயர் 6:4-6 இதைவிடக் கடினம்: ருசிபார்த்தபின் மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கேதுவாய்ப் புதுப்பிப்பது கூடாத காரியம். கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியுஸ் கட்டளைப்படி ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டு உயிர்தப்பிய கிறிஸ்தவர்கள் மறுபடி சபைக்கு வந்தபோது இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. ரோமில் நோவாத்தியன் என்ற குரு அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று பிரிந்துபோனார். 251-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயர் சிப்ரியான் கூட்டிய சங்கம், பலியிடாமல் பலியிட்டதாகச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களைத் தகுந்த பரிகாரத்துக்குப் பிறகும், பலியிட்டவர்களை அதே பரிகாரத்தோடு மரணத் தறுவாயிலும் சேர்க்கலாம் என்றது. மூன்று முறை மறுதலித்த பேதுருவே திரும்பவும் மேய்ப்பனாக்கப்பட்டதை நினைத்தால் சிப்ரியான் பக்கம்தான் பலம் அதிகம்.

கடைசியாக, எந்த விளக்கத்துக்கும் முழுதாக மசியாத ஒன்று: 55 வருஷம் ஆண்ட யூதாவின் ராஜா மனாசே. 2 நாளாகமம் 33-இல் அவன் சிறைப்பட்டு, தன்னை மிகவும் தாழ்த்தி ஜெபிக்கிறான். தேவன் கேட்டு, எருசலேமுக்குத் திரும்பிவரச் செய்கிறார். 2 இராஜாக்கள் 21-இல் அந்த மனந்திரும்புதலைப் பற்றி ஒரு வரி இல்லை. அவன் சிந்தின குற்றமில்லாத இரத்தத்தைக் குறித்து 24:4, "அதைக் கர்த்தர் மன்னிக்கச் சித்தமில்லாதிருந்தார்" என்கிறது. தனி மனிதனாக மனாசே மன்னிக்கப்பட்டான், தேசத்தின் மேல் விழ வேண்டிய விளைவு நீங்கவில்லை என்று எண்ணாகமம் 14-ஐப் போலவே இதையும் வாசிக்கலாம். பல விளக்கவுரைகள் அந்த வழியில்தான் போகின்றன. ஆனால் இராஜாக்களின் புத்தகத்தை எழுதியவர், எருசலேம் ஏன் விழுந்தது என்று இடிபாடுகளுக்கு நடுவே கேட்கிறார். நாளாகமத்தை எழுதியவர், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு இன்னும் வழி உண்டா என்று கேட்கிறார். மனாசேயின் அறிக்கை ஒருவருக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. மற்றவருக்கு அதைச் சொல்லாமல் முடியவில்லை. பைபிளைத் தொகுத்தவர்கள் இரண்டையும் ஒரே தொகுப்பில் வைத்தார்கள், ஒன்றை மற்றொன்றுக்கு ஏற்பத் திருத்தவில்லை.